பம்பி ஓடும் நேரம்

டொறீன் நகரசபையின் கணக்குப் பிரிவில் சேர்ந்து பதினாறு வருடங்கள். அதில் ஒன்பது வருடமாக சபையின் வரவு செலவுத் திட்டம் அவள் மேசையில்தான் உருவாகிறது. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் வரும் பணக் கேட்புகளை வாங்கி, கூட்டிச் சரிபார்த்து, தட்டச்சு செய்து, புத்தகமாகக் கட்டிக் கொடுப்பாள். கணக்காளர் விஜயரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அவர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஓய்வுபெற இன்னும் பதினெட்டு மாதம் இருந்தது.

மாத்தளை மாவட்டத்தில் மலை ஏறத் தொடங்குகிற இடத்திலுள்ள சின்ன நகரம் அது. கடைத்தெரு, பஸ் நிலையம், சந்தை, அதற்கு மேலே பழைய தேயிலைத் தோட்டமொன்றின் மேற்பிரிவான மேல்கணக்கு. தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது மேல்கணக்கு லயங்களின், அந்த வரிசை வீடுகளின், அறுபத்திரண்டு குடும்பமும் நகர எல்லைக்குள் வந்துவிட்டன. வந்த நாளிலிருந்து அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது நகரசபையின் பொறுப்பு. ஆற்றோரத்தில் நீரிறைக்கும் பம்பி சாயந்தரம் ஐந்து மணிக்கு ஓடத் தொடங்கும். ஒன்பது மணிவரை லயத்துக்குக் கீழே மாதா சிலை நிற்கிற சுருவத்தடிப் பைப்பில் தண்ணீர் வரும். பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து எடுத்துவிட்டு வருகிற பெண்கள் வரிசையில் நின்று கேன்களில் பிடித்து, நாற்பது கல்படி ஏறி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். டொறீன் பிறந்தது அந்த லயத்தில்தான். அவளுடைய அக்கா ஷிரானி இன்னும் அங்கேதான் இருந்தாள்.

அந்த வருடம் ஒக்டோபரில் கேட்புகளையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது வரவுக்கும் செலவுக்கும் நடுவே நாற்பத்தொரு லட்சம் துண்டு விழுந்தது. மின்கட்டணம் ஏறியிருந்தது. சந்தைக் கடைகளில் பாதி, வாடகை கட்டாமல் பூட்டிக் கிடந்தன. துண்டு விழுந்த திட்டத்தைச் சபையில் வைக்க முடியாது.

"இஞ்ச பாரும் டொறீன்," என்றார் விஜயரத்தினம். "சம்பளத்தில கை வைக்கேலாது. கடன் தவணையில கை வைக்கேலாது. மிச்சம் இருக்கிறது கரண்டும் தண்ணியும்தான். அதில எங்கயாவது வெட்டத்தான் வேணும்."

டொறீன் மூன்று வருடத்து மின்பட்டியல்களை எடுத்து மேசையில் பரப்பினாள். வீதி விளக்கு, நூலகம், பம்பி என்று பிரித்து அடுக்கினாள். இரண்டாம் நாள் மத்தியானம், சோற்றுப் பார்சலைக்கூடப் பிரிக்காமல், பட்டியலொன்றைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"சேர், இதைப் பாருங்க. சாயந்தரம் ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும் யூனிட்டுக்கு வேற விலை போடுறாங்க. நம்ம பம்பி பாதிக்கு மேல ஓடுறது அந்த நேரத்துலதான். பத்தரைக்கு மேல ஓட்டினா பாதி விலைகூட இல்ல. அதே நாலு மணித்தியாலம், அதே தண்ணி. வருசத்துக்கு இருபத்துநாலு லட்சம் மிச்சமாகும்."

அவர் பட்டியலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தினை வருசமா இதில கையெழுத்துப் போடுறன். ஒருநாளும் நான் இந்தப் பக்கத்தைப் பாக்கேல்லை." பிறகு நிமிர்ந்தார். "ஆனா தண்ணியை ராவில ஏத்தினா சனம் எப்பிடிப் பிடிக்கிறது?"

"மேல்கணக்குல பழைய தொட்டி ஒன்னு இருக்கு சேர். வெடிச்சுப்போய்க் கிடக்கு. அதைத் திருத்தினா ராத்திரி தொட்டியை நிரப்பிட்டு விடிய பைப்பைத் திறக்கலாம். ஒரு தடவைச் செலவுதான், பதினாலு லட்சம்."

"அதை மூலதனப் பக்கத்தில போடும்," என்றார் அவர். "நல்ல வேலை செய்திருக்கிறீர்."

அன்றைக்கு டொறீன் பஸ்ஸில் ஏறாமல் வீட்டுக்கு நடந்தே போனாள். பதினாறு வருடத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. போகிற வழியில் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, மேல்கணக்குத் தொட்டியைத் திருத்தப் போகிறார்கள் என்று சொன்னாள். யாருடைய யோசனை என்பதை, வேலை முடிந்த பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள்.

வீதி விளக்குகளில் ஒன்றுவிட்டு ஒன்றை அணைத்தால் ஒன்பது லட்சம் குறையும் என்று தொழில்நுட்பப் பிரிவு எழுதியது. பத்திரிகை வாங்குவது, வாகன எரிபொருள், முன்பள்ளிப் பால் என்று அங்கங்கே கிள்ளியதில் மிச்ச எட்டு லட்சமும் அடைபட்டது. புத்தகத்தில் வீதி விளக்கு ஏழாம் பக்கம். பம்பி பதினோராம் பக்கம். தொட்டி இருபத்தாறாம் பக்கம்.

நவம்பர் கடைசியில் நிதிக்குழு கூடியது. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வட்டாரத்துப் பாதைக்குப் பணம் கேட்டார்கள். மூலதனப் பக்கத்தில் எடுக்கக்கூடியதாக இருந்த ஒரே பெரிய தொகை தொட்டியுடையது. சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் நல்லவிதமாகப் பேசுகிற மனிதர். தொட்டியை அடுத்த வருடம் கட்டாயம் பார்ப்போம் என்று சிங்களத்தில் சொல்லி, அந்தப் பதினான்கு லட்சத்தையும் பாதைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்.

டொறீன் கணக்காளரின் அறைக்கு ஓடினாள்.

"சேர், தொட்டி இல்லன்னா பம்பி நேரத்தைப் பழையபடி மாத்தணும். இல்லாட்டி ஆளுக ராத்திரியில எந்திரிச்சு நின்னு புடிக்கணும்."

"விளங்குது. ஆனா நேரத்தைத் திருப்பி மாத்தினா இருபத்துநாலு லட்சமும் திரும்பத் துண்டு விழும். நாளைக்கு அச்சுக்குக் குடுக்க வேணும் பிள்ளை. இப்ப நான் எங்க போய் வெட்டுறது?" விஜயரத்தினம் கைகளால் முகத்தைத் தேய்த்தார். "பங்குனி மாதம் மேலதிகக் காசு கேட்டு ஒரு குறைநிரப்பு மதிப்பீடு போடுவம். அதில தொட்டியைச் செய்விப்பம். நான் சொல்லுறன்."

டொறீன் வாசலில் நின்றாள். அவர் தன்னைப் பாராட்டியது ஞாபகம் வந்தது. மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை. நாலு மாதம்தானே, சனங்கள் சமாளித்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். அங்கே வளர்ந்தவள், நாலு மாதம் என்றால் என்னவென்று தெரிந்தவள், ஆனாலும் அப்படித்தான் நினைத்தாள். மேசைக்குத் திரும்பி இருபத்தாறாம் பக்கத்திலிருந்த தொட்டியை அழித்தாள். பதினோராம் பக்கத்தைத் தொடவில்லை.

டிசம்பரில் திட்டம் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது. மின்செலவைக் குறைக்க வழி கண்டுபிடித்த உத்தியோகத்தர் என்று தவிசாளர் அவள் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பட்டர் கேக் கொடுத்தார்கள்.

ஜனவரியில் ஷிரானி தொலைபேசி எடுத்தாள்.

"என்னாடி உங்க கவுன்சில் இப்பிடிப் பண்ணுது? பதினோரு மணிக்கு மேலதான் தண்ணி வருது. கீழ் லயத்துக்காரங்க மொதல்ல புடிக்கிறாங்க. நம்ம முறை வர ரெண்டு மணியாவுது. காலையில மலைக்குப் போனா கண்ணு சொருகுது. கங்காணி ஏசுறான்."

"கொஞ்ச நாள்தான்க்கா. மார்ச்ல தொட்டி வந்துரும்."

"நீ சொன்னா சரி. நீதான் உள்ள இருக்கியே." ஷிரானி சிரித்தாள். "பக்கத்து வீட்டு நெரஞ்சனி சொல்றா, பேய்க்கும் எங்களுக்கும் ஒரே டைம்னு."

டொறீனும் சிரித்தாள். யோசனை தன்னுடையது என்று அன்றைக்கும் சொல்லவில்லை.

பெப்ரவரி இரண்டாம் வாரம் தொழில்நுட்பப் பிரிவு ஆட்கள் ஏணியோடு புறப்பட்டு ஒவ்வொரு வட்டாரமாக விளக்குகளைக் கழற்றினார்கள். எந்தக் கம்பத்தில் கழற்றுவது என்று எழுதியிருந்த பட்டியல் டொறீனின் மேசைக்கு வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. அவளுக்குத் தொகை மட்டும் போதும். மேல்கணக்குப் படிக்கட்டில் மூன்று விளக்குகள் இருந்தன. சுருவத்தடியிலும் உச்சியிலும் இருந்தவை போயின. நடுவில் ஒன்று மிஞ்சியது.

ஒன்பது நாள் கழித்து, ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கியிருந்த விடியற்காலையில், பாலுக்குப் போன நிரஞ்சனி படிக்கட்டின் அடியில் ஷிரானியைக் கண்டாள். இருபது லீற்றர் கேன் இரண்டு பக்கத்தில் உருண்டு கிடந்தன. ஷிரானியின் புருஷன் சில்வெஸ்டர் சந்தையில் இராக் காவலுக்குப் போயிருந்தான். வீட்டில் வேறு யாருமில்லை. வரிசையில் கடைசியாகப் பிடித்தவள் அவள்தான், எத்தனை மணிக்கு விழுந்தாள் என்பது யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு நினைவு இருந்தது, கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாளாம். குரல் மேலே எட்டவில்லை.

மாத்தளையிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். ஏழு வாரம் அங்கே இருந்தாள். முதுகுத்தண்டு நசுங்கிவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டொக்டர் சொன்னதை சில்வெஸ்டர் டொறீனிடம் திருப்பிச் சொன்னபோது, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னான். பிறகு கன்டீன் பக்கம் போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.

டொறீன் அலுவலகம் போனதும் முதல் வேலையாக ஏழாம் பக்கத்தையும் பதினோராம் பக்கத்தையும் கிழித்தெடுத்து விஜயரத்தினத்தின் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டையும் நான்தான் சேர் டைப் பண்ணேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவற்றின் மேல் வைத்தார்.

"நான்தான் கையெழுத்து வைச்சனான்," என்றார்.

இருவரும் சேர்ந்து குறைநிரப்பு மதிப்பீட்டை எழுதினார்கள். தொட்டிக்குப் பதினான்கு லட்சம். தொட்டி முடியும்வரை பம்பியைப் பகலில் ஓட்டப் பதினொரு லட்சம். படிக்கட்டு விளக்குகளுக்கு ஒரு சிறுதொகை. விஜயரத்தினம் தானே அதைத் தவிசாளரிடம் கொண்டுபோனார். ஏப்ரல் நிதிக்குழுவில் நேரம் போதவில்லை. மே மாதம் போதிய உறுப்பினர்கள் வரவில்லை. ஜூனில் எடுத்துக்கொண்டபோது, ஒரு இடத்தில் விளக்கைத் திரும்பப் போட்டால் எல்லா வட்டாரமும் வந்து நிற்கும் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், மிச்சம் பிடித்த காசிலேயே கொடுக்கலாமே என்றார். அந்தக் காசு பழைய மின் நிலுவைக்குக் கட்டியாகிவிட்டது என்று விஜயரத்தினம் சொல்லவேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் குரல் உயர்ந்தது. மேசையைத் தட்டினார். சபையில் அவர் சத்தம்போட்டு யாரும் கேட்டதில்லை. தவிசாளர் தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் நகர்த்தி, உட்காருங்கள் என்றார். மதிப்பீடு ஒத்திவைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு அவர் நேரத்தோடு வந்து நேரத்தோடு போனார். ஓகஸ்டில், காலம் இருக்கும்போதே ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். கடைசி நாள் டொறீனின் மேசைக்கருகில் நின்று ஏதோ சொல்ல வந்தவர், "உம்மட கொக்காவுக்கு..." என்று அக்காவைப் பற்றித் தொடங்கி, முடிக்காமல் போய்விட்டார்.

சில்வெஸ்டர் ஒரு சோலார் விளக்கு வாங்கிச் சுருவத்தடியில் கட்டினான். வெயில் காணாத நாட்களில் அது பத்து மணிக்கே செத்துவிடும். இரவுக் காவல் வேலையை விட்டுவிட்டான். இப்போது அவன்தான் தண்ணீர் பிடிக்கப் போகவேண்டும். படுக்கையில் கிடக்கிற ஆளைத் துடைக்க, துணி கசக்க, ஒருநாளைக்கு ஏழு கேன் வேண்டும்.

டொறீன் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து மேலே போவாள். அக்காவைப் புரட்டிப் படுக்கவைப்பாள், முதுகில் பவுடர் போடுவாள், தலை வாருவாள். ஷிரானி அவளிடம் முன்னைவிட அன்பாக இருந்தாள். "ஒனக்குக் கை நோவும், விடுடி" என்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால், தங்கச்சி கவுன்சிலில் எங்களுக்காகச் சண்டை போடுகிறாள் என்று சொல்லுவாள். அதைத்தான் டொறீனால் தாங்க முடியவில்லை.

செப்டெம்பர் மாதம் ஒரு ஞாயிறு சொல்லிவிட்டாள். ஷிரானியின் தலைமயிரைப் பின்னி முடித்து, றிபன் கட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அக்கா, பம்பியை ராத்திரிக்கு மாத்தச் சொன்னது நான்தான்."

"என்னா?"

"பட்ஜெட்டுல துண்டு விழுந்திச்சு. ராத்திரி கரண்டு விலை கம்மி. நான்தான் கண்டுபுடிச்சுக் குடுத்தேன். தொட்டியும் சேத்துத்தான் எழுதினேன். தொட்டியை வெட்டிட்டாங்க. வெட்டினப்பவே நான் பிடிவாதமா நின்னிருக்கணும். நிக்கல. லைட்டுக் கழட்டினதும் நான் டைப் பண்ண பக்கம்தான்."

ஷிரானி கூரைத் தகரத்தைப் பார்த்தபடி கிடந்தாள். வெளியே யாரோ வானொலியில் பாட்டை மாற்றினார்கள்.

"எவ்ளோ மிச்சமாச்சு?" என்று கேட்டாள்.

"என்னக்கா?"

"ராத்திரிக்கு மாத்தினதுல. எவ்ளோ காசு மிச்சமாச்சு?"

"இருபத்துநாலு லட்சம்."

ஷிரானி அந்தத் தொகையை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"பெரிய காசுதான்," என்றாள். "நான் ஆயுசுக்கும் கொழுந்து எடுத்தாலும் வராது."

"அக்கா..."

"ஒனக்கு அன்னைக்கே தெரியும். நான் போன் பண்ணி சிரிச்சேனே, அன்னைக்கே ஒனக்குத் தெரியும். நீயும் சிரிச்ச."

டொறீன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஷிரானி அழவில்லை. தானாகப் புரண்டு படுக்க அவளால் முடியாது. தலையை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வராத."

டொறீன் அடுத்த ஞாயிறும் போனாள். சில்வெஸ்டர் வாசலுக்கு வந்து, "வேணாம் டொறீன். மூனு நாளா அவ சாப்பிடல. கொஞ்ச நாள் போகட்டும்" என்றான். அவள் கொண்டுபோன பவுடர் டின்னையும் பாண் ரொட்டியையும் வாங்கிக்கொண்டான். அதற்கடுத்த ஞாயிறுகளிலும் அப்படித்தான் நடந்தது. அவன் சாமானை வாங்கிக்கொள்வான். அவள் படியில் இறங்குவாள்.

ஒக்டோபரில் மறுபடி வரவு செலவுத் திட்டம் வந்தது. புதிய கணக்காளர் லோஜனா, முப்பது வயதுக்காரி, வேலையில் கெட்டி. டொறீன் பம்பிக்கு ஐம்பத்தொரு லட்சம் போட்டு, தொட்டியையும் விளக்குகளையும் சேர்த்து எழுதிக் கொடுத்தாள். லோஜனா தாளைப் பேனாவால் தொட்டாள்.

"அக்கா, இந்த வருசம் பம்பிக்கு உண்மையில செலவானது இருபத்தேழு லட்சம்தானே. அதுக்கு மேல பத்து வீதம்தான் கூட்டலாமெண்டு மேலிடத்துச் சுற்றறிக்கை. இதை நான் எப்பிடி ஐம்பத்தொண்டாக் காட்டுறது?"

"முந்தின வருசம் ஐம்பத்தொன்னுதான் மிஸ் செலவாச்சு."

"முந்தின வருசத்தை அவை பாக்க மாட்டினம். இந்த வருசத்தைத்தான் பாப்பினம்."

டொறீன் நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னாள். லோஜனா கண் கலங்கக் கேட்டாள். தொட்டியை மூலதனப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டாள். பம்பித் தொகையை இருபத்தொன்பது லட்சத்து எழுபதாயிரம் என்று எழுதினாள். நவம்பரில் நிதிக்குழு தொட்டியை எடுத்துவிட்டு பஸ் நிலையக் கூரையைப் போட்டது.

டிசம்பர் ஒன்பதாம் திகதி பிற்பகல் இரண்டு மணிக்குச் சபைக் கூட்டம். அன்று காலையில் சில்வெஸ்டர் தொலைபேசி எடுத்தான். பல்லேகமவில் அவன் தம்பி குடியிருக்கிறான். அங்கே முற்றத்தில் கிணறு இருக்கிறது. ஷிரானியை அங்கே கொண்டுபோகிறார்கள்.

"இங்க இனி முடியாது," என்றான். "முதுகுல புண்ணு வந்திருச்சு. கழுவத் தண்ணி பத்தல."

டொறீன் அரைநாள் லீவு எழுதிவைத்துவிட்டுப் போனாள். நாலு பேர் ஷிரானியை நாற்காலியில் கட்டிப் படிவழியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாதியாக மெலிந்திருந்தாள். கீழே வேனுக்குப் பக்கத்தில் நின்ற டொறீனின் மேல் அவள் கண் பட்டது, நின்றது, பிறகு நகர்ந்தது. கோபம் இருந்தால்கூடத் தேவலை என்று டொறீனுக்குத் தோன்றியது. கடைவீதியில் போகிற யாரையோ பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். வேன் கதவைச் சாத்தினார்கள். சில்வெஸ்டர் முன்னால் ஏறிக்கொண்டு, போய் போன் பண்ணுகிறேன் என்று கையைக் காட்டினான்.

இரண்டு மணிக்கு டொறீன் சபை மண்டபத்தில் பின்வரிசையில், அறிக்கை எழுதும் கொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். செயலாளர் பக்கம் பக்கமாகத் தலைப்பை வாசித்தார். தவிசாளர் ஒவ்வொன்றுக்கும், கேள்வி உண்டா என்று கேட்டார். பதினோராம் பக்கம் வந்தது. யாரும் பேசவில்லை.

டொறீன் எழுந்து நின்றாள்.

மேல்கணக்கில் அறுபத்திரண்டு குடும்பம் பாதி இரவில் தண்ணீர் பிடிக்கிறது என்று சிங்களத்தில் சொன்னாள். போன வருடம் இந்தப் பக்கத்தை எழுதியது நான், இதனால் ஒரு பெண்ணுக்கு நடக்க முடியாமல் போனது, இன்றைக்குக் காலையில் ஊரைவிட்டே போய்விட்டாள் என்றாள். அந்தப் பெண் தன் அக்கா என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை.

தவிசாளர் கடுமையாகப் பேசவில்லை.

"மிஸ், உங்கள் மனவருத்தம் எங்களுக்குத் தெரியும். ஆனால் சபையில் உத்தியோகத்தர்கள் பேச இடமில்லை. தயவுசெய்து உட்காருங்கள்."

அவள் உட்காரவில்லை. கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். கொஞ்சம் பொறுத்துச் செயலாளர் பன்னிரண்டாம் பக்கத்தை வாசித்தார். பதின்மூன்று, பதினான்கு. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். முப்பத்தொரு பக்கமும் முடிந்து வாக்கெடுப்பு நடந்தது. எல்லோரும் கையை உயர்த்தினார்கள். அதுவரையில் அவள் நின்றாள்.

தேநீர் நேரத்தில் இரண்டு உறுப்பினர்கள் அருகில் வந்து, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். லோஜனா அவள் தோளைத் தொட்டு, வீட்டுக்குப் போங்கோ அக்கா என்றாள்.

ஆனால் மாகாண அலுவலகத்துக்குப் பிரதிகள் மறுநாள் காலையில் போயாக வேண்டும். அவளை விட்டால் அதைச் செய்ய ஆளில்லை. டொறீன் மேசைக்கு வந்து மூன்று புத்தகங்களையும் எடுத்துவைத்து, ஒவ்வொரு பக்கமாகச் சபை முத்திரையைக் குத்தத் தொடங்கினாள். சில்வெஸ்டரின் தொலைபேசி அன்றைக்கு வரவில்லை.